எட்டிப் பார்க்காத பொந்து

மரங்கொத்தியை அழகான பறவை என்று கொஞ்சுகிறவர்களில் ஒருவர்கூட மின்கம்பத்தில் ஏறிப் பிழைக்கிறவராக இருக்க முடியாது. சிவப்புக் கொண்டை, பொன்னிற முதுகு, கம்பத்தில் முட்டுக் கொடுத்தாற்போல் ஊன்றிக்கொள்ளும் வால், எல்லாம் எனக்கும் தெரிகிறது. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொண்டை எங்காவது தென்பட்டால் போதும், நிற்கிற கம்பத்தையெல்லாம் சந்தேகப்படுவேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனாலும் சாப்பாடு இறங்காது.

எங்கள் பகுதியில் பாதிக்கு மேல் மரக்கம்பங்கள். நடுவதற்கு முன் எண்ணெய் மருந்தில் ஊறவைப்பார்கள். மருந்து வெளிப்பக்கம் கொஞ்சம் இறங்கும், நடுமரம்வரை போய்ச் சேராது. வெயிலில் வெடித்த கீறல் வழியாக மழை உள்ளே போய், சில வருடங்களில் நடுப்பகுதி மெத்தென்று ஆகிவிடும். எறும்பு குடிவரும், வண்டு முட்டையிடும், புழு நெளியும். வெளியிலிருந்து பார்த்தால் கம்பம் சிப்பாய் மாதிரி விறைப்பாகத்தான் நிற்கும். மரங்கொத்திக்கு மட்டும் விஷயம் தெரியும். அங்கங்கே கொத்திப் பார்த்தே உள்ளே எந்த இடம் இளகியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். பிறகென்ன, நாக்கை விட்டு எறும்பை நக்கி எடுக்கும், புழுவை இழுத்துத் தின்னும். அந்த நாக்கு அலகைவிட நீளம். வாயில் இடம் போதாமல் மண்டையைச் சுற்றிக்கொண்டு கிடக்குமாம். நாக்கு நீளமானவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது. எங்கள் மாப்பிள்ளை ஒருவர் மட்டும் விதிவிலக்கு.

மரத்துக்குப் போக வேண்டிய பறவை கம்பத்துக்கு ஏன் வருகிறது என்று கேட்கிறார்கள். அதற்கு வேண்டியது பட்டுப்போய் நின்றுகொண்டிருக்கும் மரம். பட்ட மரத்தை இந்தக் காலத்தில் யார் நிற்கவிடுகிறார்கள்? சுவர்மேல் விழும், கார்மேல் விழும் என்று வெட்டித் தள்ளிவிடுகிறோம். தெருவில் மிச்சம் நிற்கும் ஒரே பட்ட மரம் நாங்கள் நட்ட கம்பம்தான்.

மாப்பிள்ளை என்றேனே, அவர் என் தங்கையின் புருஷன். மின்கம்பி பழுது பார்க்கிற வேலையில் நானும் அவரும் ஒரே குழுவில் இருக்கிறோம். அவர் மேலே, நான் கீழே. முழங்கால் கெட்டுப்போகும்வரை நான்தான் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிறவனுக்கு வேலை இருக்கிறது, பயப்பட நேரம் கிடையாது. கீழே நிற்பவனுக்குப் பயப்படுவதுதான் வேலை. அதுவும் மேலே இருப்பது கூடப் பிறந்தவளின் புருஷன் என்றால் கால் ஒரு இடத்தில் தரிக்காது. நான் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். "செக்கு மாடு கெட்டுது மச்சான், கொஞ்சம் நில்லுங்க" என்று அவர் மேலேயிருந்து கிண்டலடிப்பார்.

ஏறலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவன் நான். அடியிலிருந்து கையெட்டும் உயரம்வரை சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். நல்ல மரம் கணீர் என்று பேசும், இற்ற மரம் தொப்பென்று முனகும். கையெட்டாத உயரத்துக்கு நானே ஒரு விதி கண்டுபிடித்து வைத்திருந்தேன். மேலே பொந்து தெரிந்தால் கம்பத்தை ஓங்கி அடி. உள்ளே குடித்தனம் இருந்தால் 'யாரது?' என்று தலை எட்டிப் பார்க்கும். பார்த்தால் பொந்து ஆழமானது, ஏறாதே. கூடையில் ஆளை நிறுத்தித் தூக்குகிற வண்டி வரட்டும். தலை எதுவும் தெரியாவிட்டால் அது எறும்புக்காகக் கொத்திய மேலோட்டமான பள்ளம். தாராளமாக ஏறு. மற்ற குழுக்காரர்களும் இதைத்தான் பின்பற்றினார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அன்றைக்குக் காற்றில் கிளை முறிந்து விழுந்து ஒரு கடைத்தெரு முழுக்க மின்சாரம் இல்லை. கம்பியைத் தளர்த்தி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். கம்பம் ஒரு சலூன் வாசலில் இருந்தது. சலூன்காரர் ஜெனரேட்டரை வாசலிலேயே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அது போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்கவில்லை. ஆளாளுக்கு வந்து கரண்ட் எப்போது வரும் என்று என்னைப் பிடுங்கி எடுத்தார்கள்.

கம்பத்தில் இரண்டாள் உயரத்துக்குமேல் மூன்று பொந்துகள் இருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக. அடிப்பகுதி கணீர் என்றது. ஓங்கி அடித்தேன். தலை எதுவும் வெளியே வரவில்லை. இன்னொரு தடவையும் அடித்தேன்.

"வீட்ல ஆளில்ல. ஏறலாம் மாப்ள" என்று அவர் காதருகே போய்க் கத்தினேன்.

"சரி மச்சான்" என்றார். காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு, இடுப்புப் பெல்ட்டைக் கம்பத்தைச் சுற்றிப் போட்டு, குத்திக் குத்தி ஏறினார். பொந்துகளைத் தாண்டி உச்சிக்குப் போய்விட்டார். நான் வழக்கம்போல நடக்க ஆரம்பித்தேன்.

சாக்கடையோரம் குவிந்திருந்த காய்ந்த இலையில் கால் வைத்தபோது என்னவோ நறநறத்தது. இலையைக் காலால் தள்ளினேன். அடியில் மரச்சீவல். கை நிறைய இல்லை, முறம் நிறைய அள்ளலாம். தச்சன் உட்கார்ந்து வேலை பார்த்த இடம்போல் இருந்தது. அடியில் கிடந்தது மட்கிக் கறுத்திருந்தது, நடுவில் பழுப்பு, மேலே இன்னும் வெள்ளை மாறாத புதுச்சீவல்.

எறும்புக்குக் கொத்துகிற பறவை இவ்வளவு மரத்தை வெளியே தள்ளாது. கூடு தோண்டும்போதுதான் வாய்வாயாக எடுத்து வெளியே வீசும். வருடத்துக்கு ஒரு புது வீடு தோண்டும், பழையதை அப்படியே விட்டுவிட்டுப் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். காலி செய்துவிட்டுப் போன வீட்டிலிருந்து யார் தலையை நீட்டுவார்கள் என்று மட்டும் யோசிக்கத் தெரியவில்லை. ஆள் இல்லாத பொந்தும் ஆள் இருக்கிற பொந்தும் ஒரே ஆழம்தானே!

அப்போதுதான் எதிர்க்கடைப் பலகையின்மேல் அதைப் பார்த்தேன். அலகு கொள்ளாமல் எறும்பை அடைத்துக்கொண்டு, கொண்டையை விரித்துக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டியது. அது போட்ட கூச்சல் ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அலகு திறந்து மூடுவதும் எறும்பு உதிர்வதும்தான் தெரிந்தது. மூன்றில் ஒன்றில் குஞ்சு இருக்கிறது. தாயும் தகப்பனும் இரைக்குப் போன நேரத்தில் நான் கதவைத் தட்டியிருக்கிறேன். ஆபத்து என்றால் மூச்சுவிடாமல் கிடக்கும்படி குஞ்சுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆக, அந்தக் கம்பத்துக்கு நடுவே மூன்று அறை. சுற்றிலும் ஓடு மாதிரி கொஞ்சம் மரம். அதற்கு மேலே என் தங்கை புருஷன்.

இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த கம்பிகள்தான் அந்தக் கம்பத்தை நிறுத்தி வைத்திருந்தன. அவர் ஒரு பக்கக் கம்பியைத் தளர்த்தத்தான் மேலே போயிருக்கிறார். அந்தக் கட்டு அவிழ்ந்தால் மறுபக்கம் இழுக்கும், பொந்து இருக்கிற இடத்தில் முறியும், பெல்ட்டோடு கட்டுண்ட மனுஷன் கம்பத்தோடு வருவார். அவர் குறடை எடுத்துவிட்டார்.

"மாப்ள! கைய வைக்காதீங்க! மாப்ள!"

கேட்டால்தானே. கையை ஆட்டினேன், குதித்தேன். அவர் முகம் கம்பியைப் பார்த்து இருந்தது. இந்த மாதிரி நேரத்துக்கு எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கம்பத்தைச் சுத்தியலால் அடுத்தடுத்து அடித்தால் 'நிறுத்து' என்று அர்த்தம். காதில் விழாவிட்டாலும் காலில் அதிரும். சுத்தியலை ஓங்கியும்விட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஏற்கெனவே உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கம்பத்தை நானே அடிப்பதா? எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். கெட்டுப்போன முழங்காலோடு எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஜெனரேட்டரின் சுவிட்சை அமுக்கினேன்.

தெரு கப்சிப் என்று ஆனது. சலூனுக்குள் மிஷின் நின்றுபோய், பாதித் தலை வெட்டிய ஆள் போர்த்திய துணியோடு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே சலூன்காரர், "யோவ், யாரைக் கேட்டு ஆஃப் பண்ணின?" என்று சட்டையைப் பிடிக்க வந்தார். நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டேய்! கைய எடுடா!"

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளை குறடோடு உறைந்துபோய்க் கீழே பார்த்தார்.

"கம்பியத் தொடாத! குறடு கிடக்கட்டும், கீழ போடு! பொந்து இல்லாத பக்கமா சுத்தி வா. மெதுவா. பொந்துகிட்ட முள்ளக் குத்தாத, பெல்ட்டுல தொங்கிட்டே வழுக்கி வா!"

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கம்பத்தைக் குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு இறங்கினார். நடுப்பொந்தின் நேருக்கு வந்தபோது உள்ளே எங்கோ சடக் என்றது. கூட்டத்தில் ஒரு அம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குத் தங்கையின் முகம்தான் கண்முன் வந்தது, வேறொன்றும் வரவில்லை. அவளிடம் போய் என்ன சொல்வேன்? நான்தான் ஏறச் சொன்னேன் என்றா?

கால் தரையில் பட்டதும் அவரை இழுத்து அப்பால் தள்ளினேன். கூட்டத்தையும் விரட்டினேன். கூடை வண்டிக்கும் கம்பத்துக்கு முட்டுக் கொடுக்க ஆட்களுக்கும் போன் போட்டேன். அந்தப் பறவை அதற்குள் பலகையிலிருந்து தாவி, ஏறி இறங்கிப் பறந்து, கீழ்ப் பொந்தின் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே குஞ்சுகள் இரையும் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது.

மாப்பிள்ளை சலூன் படியில் உட்கார்ந்து கால் முள்ளின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாதித் தலைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏறும்போதே தெரிஞ்சுது மச்சான்" என்றார், வாரைப் பார்த்துக்கொண்டே.

"என்ன தெரிஞ்சுது?"

"உள்ள ஒண்ணுமில்லன்னு. பொந்துக்குப் பக்கத்துல முள்ளக் குத்தினேன், சோத்துல குத்தின மாதிரி இறங்கிடுச்சு."

எனக்குப் புரியவில்லை. "அப்பவே இறங்க வேண்டியதுதானே?"

"நீங்க ஏறலாம்னு சொன்னீங்களே."

"நான் சொன்னா?"

"பாதில இறங்கினா மச்சான் பேச்ச நம்பலன்னு ஆயிடும்ல. அதுவும் நாலு பேர் பாக்கறப்ப. ஒரு நாளாவது உங்க பேச்ச நான் மீறியிருக்கேனா?" தண்ணீரைக் குடித்துவிட்டு, எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. இந்த மனுஷனைக் கம்பம் கொல்லப் பார்க்கவில்லை, பறவையும் பார்க்கவில்லை. நான்தான். என் ஒரு வார்த்தைக்கு மரியாதை கொடுத்து, சோற்றில் குத்தியதுபோல் இருந்த மரத்தில் மேலும் மேலும் ஏறியிருக்கிறார். அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, இனிமே நான் ஏறலாம்னு சொன்னா நம்பாதீங்க. உங்க காலுக்குத் தப்பாத் தெரிஞ்சா மாட்டேன்னு சொல்லுங்க. என் மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க. உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"சரி மச்சான்" என்றார் உடனே, எப்போதும்போல, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல்.