அந்த வெப்சைட்டை நம்பலாமா?

ஜெமிமா அந்த லிங்க்கை அனுப்பிய நேரத்தில், ஒரு பல் மருத்துவமனைக்கு நாலு வரி விளம்பரம் எழுத முடியாமல் நான் ராயபுரத்து வீட்டில் முழித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர்களுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் வெப்சைட் எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. லிங்க்கோடு ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்திருந்தது.

"மெஹ்னாஸு, இந்தக் கம்பெனிய நம்பலாமான்னு பாத்துச் சொல்லுடீ. நீதான் இந்த மாதிரில்லாம் எழுதிகினு கீற. எது ரீலு, எது நெசம்னு உனக்குத்தான் தெரியும்."

ஜெமிமா என்னோடு கல்லூரியில் படித்தவள். காலடிப்பேட்டையில் ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறாள். பிள்ளைகள் விளையாடுவது மாடி வராண்டாவில். காலையில் விரித்த பாய், காற்றில் வரும் கரித்தூளால் மத்தியானத்துக்குள் கறுத்துப்போய்விடும். அதனால் வராண்டாவைத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்டு அடைத்துவிட முடிவு செய்திருந்தாள்.

லிங்க்கைத் திறந்தேன். ஞானம் கிளேசிங், திருவொற்றியூர். இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே எழுதியது.

"எங்கள் கண்ணாடிகள் அனைத்தும் டஃபன்ட் கண்ணாடிகள். உடைந்தாலும் கல்கண்டாக உதிருமே தவிர, யாரையும் கிழிக்காது. உங்கள் வாசலிலேயே, உங்கள் கண்ணெதிரிலேயே, அளவுக்கு வெட்டிப் பொருத்துகிறோம்."

படித்ததும் எனக்கு என் மேலேயே ஒரு பிரியம் வந்தது. அந்தக் கல்கண்டுக்காக ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டவள் நான்.

இதுவே வேறு கம்பெனியாக இருந்தால் துருவித் துருவிப் பார்த்திருப்பேன். போன மாதம்கூட என் நாத்தனாருக்காக ஒரு தண்ணீர் ஃபில்டர் கம்பெனியைப் பிரித்து மேய்ந்தேன். பத்து வருட உத்தரவாதம் என்று போட்டிருந்தார்கள், கம்பெனி தொடங்கியே மூன்று வருடம்தான். படங்கள் எல்லாம் எங்கிருந்தோ சுட்டவை. விலாசத்தில் ஒரு செருப்புக் கடை இருந்தது. நாத்தனார் வாயைப் பிளந்தாள், எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஜெமிமாவுக்காக நான் எதையும் பார்க்கவில்லை. எழுதியது நான்தான் என்றும் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு சொன்னால் அசந்துபோவாள், பிரியாணிக்கு அழைத்துப்போகச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். "நம்பலாம்டீ. நல்ல கம்பெனி" என்று பதில் அனுப்பிவிட்டுப் பல் மருத்துவமனைக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, பதினோரு மணி வாக்கில் அவளிடமிருந்து போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. கண்ணாடி போட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. அன்று காலை மகளை விட வந்த ஆன்றோ என்பவர் கண்ணாடியின் நாலு மூலையையும் குனிந்து குனிந்து பார்த்தாராம். அவருக்கு மீஞ்சூர் பக்கம் கார் கண்ணாடி மாற்றும் பட்டறையில் வேலை. டஃபன்ட் கிளாஸ் என்றால் மூலையில் முத்திரை இருக்குமே, எங்கே என்று கேட்டிருக்கிறார். இவள் பெருமையாக, முத்திரை என்ன முத்திரை, என் கண் முன்னால் படிக்கட்டில் வைத்துத்தானே வெட்டினார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டாராம்.

"டஃபன்ட்ட வெட்டவே முடியாதாம்டீ. கட்டர் வெச்சா மொத்தமும் பொடியாப் பூடுமாம். இது சாதா ஜன்னல் கண்ணாடியாம். ஒடஞ்சா கத்தியாட்டம் நிக்குமாம். ஆனா வெப்சைட்ல ரெண்டும் போட்டுகீதே? நீ இன்னொரு வாட்டி பாரேன்."

பார்த்தேன். ஒன்று நிஜமானால் மற்றது பொய்யாகிவிடும் இரண்டு வாக்கியங்களை, மணமேடையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைப்பதுபோல நான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன்.

கம்பெனி முதலாளி ஞானதுரைக்குப் போன் போட்டேன். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர். அவர் ஒரு ஃபிராடாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். அவரோ நிதானமாகப் பேசினார்.

"சாதா, டஃபன்ட், ரெண்டும் உண்டுன்னுல்லா சொன்னேன். சாதாவ வாசல்லயே வெட்டிக் குடுப்போம். டஃபன்ட்டுன்னா முதல்லயே அளவெடுத்து ஃபேக்டரிக்கு அனுப்பணும், பத்து நாளாவும். இதெல்லாம் உங்ககிட்ட அன்னைக்கே சொல்லியாச்சேம்மா."

எந்தக் கண்ணாடி வேண்டும் என்று ஜெமிமாவிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். அந்த டீச்சர் வெப்சைட்டில் போட்டபடியே கண்ணெதிரில் வெட்டித்தர வேண்டும் என்று கேட்டார்களாம், அதனால் சாதா போதும் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். நான் எழுதியதை ஒரு தடவையாவது படித்தீர்களா என்று கேட்டேன். நீங்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன் என்றார்.

அவர் அனுப்பிய பழைய மெசேஜ் இன்னும் என் போனிலேயே இருந்தது. ரெண்டும் உண்டு என்றுதான் சொல்லியிருந்தார். 'ரெண்டும் உண்டு' படிக்கச் சப்பென்று இருந்ததால் 'அனைத்தும்' என்று மாற்றியது நான். பத்து நாள் காத்திருக்க யாருக்கும் பிடிக்காது என்று அதை எடுத்துவிட்டதும் நான்தான்.

ஆட்டோ பிடித்தேன். டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று அது காலடிப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் எனக்கு நானே நூறு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நான் கண்ணாடிக்காரி இல்லை, முதலாளி படித்திருக்க வேண்டும், ஜெமிமாவும் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சமாதானத்துக்கும் நடுவில் ஒரு குழந்தையின் நெற்றி வந்து நின்றது. எட்டு நாளும் ஒன்றும் ஆகாமல் இருந்தது யார் புண்ணியமோ. என் புண்ணியம் இல்லை.

ஜெமிமா பிள்ளைகளை உள்ளறையில் உட்கார வைத்து ஆயாவைக் காவலுக்கு வைத்திருந்தாள். பெஞ்சுகளையெல்லாம் இழுத்துக் கண்ணாடிக்குக் குறுக்கே போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வந்துட்டியா? அந்த ஆள சும்மா வுடக் கூடாதுடீ. பொய்யி எழுதி வெச்சு கொழந்தைங்க உசுரோட வெளாடிகினு கீறான். ஸ்டேஷனுக்குப் போலாம், நீயும் வா. உனக்குத்தான் எடுத்துச் சொல்லத் தெரியும்."

போயிருக்கலாம். ஞானதுரை நல்ல மனுஷர், என்ன சொல்வதென்று தெரியாமல் கைகட்டி நின்றிருப்பார்.

"அவரு எழுதலடீ. நான் எழுதினது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. ரெண்டும் உண்டு என்பதிலிருந்து அனைத்தும் வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னேன். ஃபேக்டரியில் செய்த கண்ணாடியை என் செலவில் மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் கேட்டப்போ, இது நீ எழுதினதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு நம்பலாம்னு சொன்ன?"



"நல்லா எழுதியிருந்தேன்டீ" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். எழுந்து, கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தில் சின்னச் சின்னதாகப் படிந்திருந்த மூச்சுக்கறைகளைத் துணியால் துடைத்தாள்.

"ஆன்றோ பொண்ணு தெனமும் இதுல மூஞ்சிய அழுத்தி வெச்சுகினுதான் அவங்கப்பா வராரான்னு பாக்கும்" என்றாள். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் போனாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை.