இழுப்பில்லாத இருமல்

சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். தென்காசியில் ராபியாவுக்கு இருமல் வரும். சளியில்லை, காய்ச்சலில்லை, வெறும் வறட்டு இருமல். யாரோ ஒரு வைத்தியர் டி.பி. என்று சொல்லி ஊசி போட்டதில் பலனில்லை. எக்ஸ்ரேயிலும் குறை தெரியவில்லை. இருந்தும் மாமியார் கைக்குழந்தையை அவளிடம் அண்ட விடவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷச் சாரலில் கணவன் மசூது அவளை டாக்டர் அகிலாண்டேஸ்வரியிடம் கூட்டிவந்தான். டாக்டர் அவள் முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சோடு வரும் இழுப்புச் சத்தமே இல்லை.

"எப்பம்மா கூடுது?"

"ஈரக்காத்து பட்டா கூடுது. பொறவு... சிரிச்சா."

"சிரிச்சாலா?"

"ஆமா டாக்டரம்மா. அதுனால சிரிக்கதையே விட்டுட்டேன்."

அகிலாண்டேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்துமாக்காரர்களும் இதையேதான் சொல்லுவார்கள். ஆனால் இழுப்பில்லாத ஆஸ்துமா உண்டா? அவள் படித்த புத்தகத்தில் அப்படி இல்லை. அறிய வேண்டுமென்ற ஆசை அவளை விடவில்லை.

ஓர் ஊசி போட்டாள். இருமல் அப்படியே நீடித்தது. சற்றுப் பொறுத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் அட்ரினலினைக் கொஞ்சமாகப் போட்டாள். ராபியாவின் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. இருமல் மெல்லத் தணிந்து நின்றேவிட்டது.

"முதல் ஊசி ஏன் கேக்கல?" என்றாள் ராபியா.

டாக்டர் தயங்கினாள். "அது வெறும் தண்ணி. ஊசி போட்டாச்சுங்கிற நம்பிக்கையில நிக்குதா, மருந்துல நிக்குதான்னு பாக்கணும்லா? ஒன்கிட்ட கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்."

மசூதின் முகம் இறுகியது. ராபியாவுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்னையப் போயி ஏமாத்துனியளே!" என்று வாய்விட்டுச் சிரித்தவள், சட்டென்று நெஞ்சில் கைவைத்துக் காத்திருந்தாள்.

"என்னங்க, இருமல் வரல!"

வீட்டில் சாப்பிட டாக்டர் கொடுத்த, அதே வகை மருந்தான எபிட்ரின் மாத்திரையில் ராபியாவுக்கு உறக்கம் கெட்டது. டாக்டர் பாதியாகக் குறைத்துக் கொடுத்தாள். இருமல் முழுக்கப் போகாவிட்டாலும் வெகுவாக அடங்கியது. டாக்டரே வீட்டுக்குப் போய், இது டி.பி. இல்லை, ஒருவகை ஆஸ்துமாதான், ஒட்டுகிற நோயில்லை என்று மாமியாரிடம் எடுத்துச் சொன்னாள். அந்தம்மாள் நம்ப ஒரு வாரம் பிடித்தது. பிறகு குழந்தையைத் தூக்கி மருமகள் மடியில் விட்டாள்.

அடுத்து டாக்டரிடம் வந்த பிச்சுமணி என்பவருக்கும் இழுப்பில்லாத வறட்டு இருமல்தான். அதே மாத்திரை அவருக்குத் துளியும் கேட்கவில்லை. அகிலாண்டேஸ்வரி சோர்ந்துபோகவில்லை. வெளியே காத்திருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்பய்யா கூடுது?" என்றாள்.