கழுத்தளவு வானம்

நெல்லுக்கடைத் தெருவுல ஒவ்வொரு வீட்டு மொட்ட மாடிக்கும் தனி வானம். அந்த வீட்டுப் பிள்ள வீட்டோட இருக்கிற வரைக்கும் அது மேல நிக்கும். பிள்ள வெளியூர் போனா ஒரு சாண் எறங்கும். கடல் தாண்டிப் போனா கழுத்தளவுக்கு வந்துரும்.

எதுத்த வீட்டு சம்முகத்தாயோட மகன் கத்தாருக்குப் போயி, அவ வானம் துணிக்கொடிக்கும் கீழ வந்துட்டு. மாடியில குனிஞ்சேதான் நடப்பா. குறையா ஒண்ணும் சொன்னதில்ல. வெயில் பக்கத்துலயே கெடக்கிறதால, வத்தல் போட்டா காப்பி குடிச்சு முடிக்கதுக்குள்ள காஞ்சுரும். மேகம் வந்தா மட்டும் கூட்டுற வாரியல எடுத்து அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளி விடுவா. அதுக்கு அந்த வீட்டுக்காரி பேசுற பேச்சு தனி.

அவளுக்கு எதுத்த வீட்டுப் பொண்ணு வடிவுக்குத் தென்னாப்பிரிக்காவுல பைலட் படிக்க எடம் கெடச்சிருந்துது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். உள்நாட்டுலயே படிச்சா வானம் ஒரு சாண்தான் எறங்கும். ஆனா ஏறிப் பறக்க முறை வர வருசக்கணக்கா காத்துக் கெடக்கணும்னாங்க.

சிக்கல் அவ அப்பா ஆவுடையப்பனோட புறாக்கதான். எல்லாம் கர்ணப்புறா. விசில் அடிச்சா மேல ஏறி, நடு வானத்துல குட்டிக்கரணம் போட்டு எறங்கும். கழுத்தளவு வானத்துல பாதிக் கரணத்துலயே தலை தரையில இடிச்சிரும். பொடிசா இருக்கையில அந்தக் கரணத்த அண்ணாந்து பாத்துத்தான் வடிவுக்குப் பறக்கிற ஆசையே வந்துது. அத அவ அப்பாட்ட சொன்னதில்ல.

வியாழக்கெழம சாயங்காலம் அவரு மாடியில புறாக்களுக்குக் கம்பு எறச்சுக்கிட்டு இருந்தாரு.

"எப்பா, நான் போவல. இங்கனயே படிக்கேன்."

அவரு நிமுந்து பாக்கல. எதுத்த மாடியில இருந்து சம்முகத்தாய்தான் சத்தம் குடுத்தா.

"அண்ணாச்சி, பிள்ளய அனுப்புங்க. குனியிறது என்ன பெரிய வித்தையா? மொத மாசம் நடு முதுகு கடுக்கும். பொறவு நிமுந்தாதான் கடுக்கும்."

"நீ கட்ட, குனிஞ்சுக்கிட்ட. நான் ஆறடில்லா."

"அப்ப கூடக் கொஞ்சம் குனிங்க. யாரு கைய புடிச்சா?"

ஆவுடையப்பன் அன்னைக்கு விசில் அடிக்கல. புறாக்கள எல்லாம் தரையில விட்டு, கைய முதுகுக்குப் பின்னால கட்டி, கழுத்த மடக்கிக்கிட்டு, தண்ணித் தொட்டியச் சுத்தி நடக்க ஆரம்பிச்சாரு. புறாக்க வரிசையா பின்னால நடந்துச்சு.

வடிவு தொட்டிப் பக்கம் வந்தா.

"என்னப்பா பண்ணுதிய?"

"பழகுதோம்."

அவ போனா. பிளேன் கடலத் தாண்டினதும் வானம் எறங்குச்சு. ஆவுடையப்பன் முன்னமே குனிஞ்சிருந்ததால தலையில படல. புறாக்க நடக்கப் பழகிருச்சு. பொட்டப்புறா ஒண்ணு மட்டும் தீனி எடுக்காம மூலையில கெடந்துது.

படிப்பு முடிஞ்சு, வேலையும் வெளிநாட்டுலயே அமைஞ்சுது. ஒருநா வடிவு ஓட்டுற பிளேன் நெல்லுக்கடைத் தெரு வழியாப் போக வேண்டி வந்துது. பிளேனுன்னா வானத்துலதான் போகணும். அதனால அவ வீட்டு எல்ல வந்ததும் கழுத்தளவுக்கு எறக்கி, துணிக்கொடியில மாட்டாம மெதுவா உருட்டிக்கிட்டு வந்தா. காலு தரையில படாததால அவ வீட்டுக்கு வந்த கணக்குல சேரல. வானம் அப்படியே கெடந்துது.

ஆவுடையப்பன் தண்ணித் தொட்டி பக்கத்துல, குனிஞ்ச வாக்குல, வயர் கூடையோட நின்னாரு.

"சாப்புட்டியாட்டி?"

"ஆச்சுப்பா."

"எளச்சுட்ட."

கூடைய ஜன்னல் வழியா நீட்டுனாரு. உள்ள பொட்டப்புறாவும் அதோட சோடியும் இருந்துச்சு.

"மேல போனதும் தொறந்து விடு. கரணம் போட்டு முடிச்சதும் அதுவே வந்துரும். சாயங்காலம் திரும்பையில குடுத்துட்டுப் போ."

"நீங்களும் ஏறுங்கப்பா."

"மத்ததுகள யாரு நடத்திக் கூட்டிட்டுப் போவா? நீ கெளம்பு. பின்னால ஒருத்தன் ஆரன் அடிக்கான்."

"ஏட்டி வடிவு, றெக்க வத்தல் மேல படாம ஓட்டு!"ன்னா சம்முகத்தாய்.

வடிவு ஒரு பக்கமா சாச்சு மேல தூக்குனா. பொட்டப்புறா கூடைய விட்டு வெளிய வந்து பக்கத்து சீட்டப் பாத்துது. அங்க இருந்த பைலட்டு எந்திரிச்சு எடம் விட்டாரு.