துர்கா கை வைத்த நெஞ்சு

என் மருமகள் துர்காவைப் பற்றிப் பேசினால் என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வரும். வராமல் என்ன செய்யும்? மரக்காணம் பக்கத்தில் எங்கள் குப்பத்தில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு மருமகள் இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம்.

திண்டிவனத்திலிருந்து நர்ஸ் ஆர்த்தி ஒரு ரப்பர் பொம்மையோடு வந்தாள். மூச்சு நின்றவர் நெஞ்சை எப்படி அமுக்குவது, வாயில் வாய் வைத்து எப்படி ஊதுவது, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டியின் பட்டைகளை நெஞ்சில் எப்படி ஒட்டுவது என்று எல்லாம் காட்டினாள். ஆம்பளைகள், பொம்மைக்கு வைத்தியமா என்று சிரித்துவிட்டு சீட்டாடப் போனார்கள். துர்காதான் முட்டி தேயத் தேய அமுக்கினாள். சரியாக அமுக்கினால் பொம்மை 'டிக்' என்று சத்தம் போடும்.

மறுமாதம் என் வீட்டுக்காரர் சுப்புராயன் போன படகு, கரையை நெருங்கும்போது அலையில் கவிழ்ந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு இல்லை.

கடலில் மூழ்கித் தண்ணீர் குடித்தவனுக்கு எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான். தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றுவார்கள். பிறகு, உப்பு தண்ணீரை இழுத்துவிடும் என்று, உப்பைக் குவித்து அதன்மேல் கிடத்துவார்கள்.

"உப்பளத்துக்கு ஓடுங்கடா! மூட்டைய தூக்கிக்கினு ஜல்தியா வாங்க!" என்று ஊர்த் தலைவர் பாண்டுரங்கன் கத்தினார்.

துர்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "வேணாங்க! மல்லாக்க படுக்க வைங்க! யாராச்சும் 108க்கு போன் போடுங்க!"

அவ்வளவு சத்தம் போட்டவள், அவர் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமனார் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாதவள் அவள். எங்கள் வழக்கம் அப்படி. இப்போது ஊர் பார்க்க அவர் வாயில் வாய் வைக்க வேண்டும்.

"மாமனார தொடப் போறியா நீ?" என்றார் பாண்டுரங்கன்.

எனக்கு வந்ததே கோபம்! தலைவராவது ஒன்றாவது! "நீ கம்முனு இருய்யா! தாலி என்னுது. நான் சொல்றேன், தொடுடி துர்கா!"

மண்டியிட்டாள். ஊதினாள். அமுக்கினாள். திடீரென்று கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்த, பொம்ம டிக்குனு சத்தம் போடுச்சே. மாமாகிட்ட ஒண்ணும் வரலியே?"

"அந்த மனுசன் நான் கூப்ட்டாலே சத்தம் குடுக்க மாட்டாரு! நீ அமுக்குடி, நிறுத்தாத!"

அழுதுகொண்டே அமுக்கினாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியது, ஒதுக்கவில்லை. ஊதினாள், மறுபடி அமுக்கினாள். கடல்தண்ணீர் அவர் வாயால் கொட்டியது. இருமினார். இந்த உலகத்தில் அதைப்போல நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

108 வந்தது. "யாரும்மா இத பண்ணது?" என்று கேட்டார்கள்.

"எம் மருமக!" என்றேன், கரை முழுக்கக் கேட்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அந்த மனிதர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை.

ஆர்த்தி மறுபடி வந்தபோது ஆம்பளைகளே நிறைய வந்தார்கள். துர்கா சொல்லிக்கொடுக்க நின்றாள். யார் முதலில் என்று ஆர்த்தி கேட்க, என் வீட்டுக்காரர் எழுந்துபோய் பொம்மை முன்னால் மண்டியிட்டார். பூ மாதிரி தொட்டு அமுக்கினார்.

"அப்படி இல்ல மாமா," என்றாள் துர்கா, அவர் முகத்தைப் பார்த்து. "முழங்கை மடங்கக் கூடாது."

அவர் கையை நீட்டிக்கொண்டு அழுத்தினார். பிறகு நிமிர்ந்து, "இப்ப சரிங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மட்டும் அசையவில்லை.

"இன்னும் ஆழமா மாமா," என்றாள்.