அந்தோனியார் கிடந்த சேறு

எங்கள் தெருவில் ஆடு காணாமல் போனால் பொலிசுக்குப் போகமாட்டார்கள். அந்தோனியாரைத்தான் பிடிப்பார்கள். சுரூபத்தை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கி, "கண்டுபிடிச்சுத் தாரும், அதுவரைக்கும் உங்கையே கிடவும்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். ஆடு வந்ததும் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஒற்றைக் காதுத்தோட்டுக்காகவும் அந்தப் பாவம் கிணற்றுக்குள் கிடந்திருக்கிறார். குருநகரில் புனிதராக இருப்பது லேசான சீவியம் இல்லை.

என் அக்கா ஸ்ரெல்லா அவரைக் கிணற்றில் இறக்கவில்லை, கடலில் இறக்கினாள். கடலுக்குப் போனவரைக் கிணற்றில் தேடி என்ன பிரயோசனம் என்பது அவளுடைய நியாயம்.

கிறிஸ்துநாயகம் அத்தான், சண்டை முடிவதற்கு முந்தின வருடம் ஒரு விடியற்காலை வலை எடுக்கப் போனவர். ஆளும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. கடலில் என்ன நடந்தது என்று வாய்விட்டுக் கேட்கக்கூட முடியாத காலம் அது. அழுது முடித்த ஒரு நாள், அக்கா வீட்டிலிருந்த சீமெந்து அந்தோனியாரை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜெற்றிக்குப் போனாள். அத்தான் வள்ளம் கட்டுகிற கட்டையில் நைலோன் கயிற்றைக் கட்டி, மற்ற முனையில் அவரைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டாள். "அவர் வந்தாப்பிறகு எடுக்கிறன்" என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்று தொடங்கி, தண்ணீருக்கு மேலே தெரிகிற கயிறு இற்றுப்போனால் புதுக்கயிறு முடிச்சுப் போடுவாள். செவ்வாய்க்கிழமைகளில் போயிருந்து அவரோடு கதைப்பாள். அத்தானுக்கு ஒரு ஆத்மசாந்திப் பூசை ஒப்புக்கொடுக்க மட்டும் விடவேமாட்டாள். வந்த வந்த சுவாமிமார் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். நான் நல்ல வாய்க்காரி, ஊரே பயம். ஆனால் அவளிடம் என் பருப்பு வேகவில்லை. "அவர் வரமாட்டார் அக்கா" என்று எத்தனையோ தரம் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"உன்ரை மனுசன் உனக்குப் பக்கத்திலை படுத்துக் குறட்டை விடுறான், கிறிஸ்ரினா. நீ கதைப்பாய்" என்பாள்.

இந்த வருடம் ஜெற்றியைச் சுற்றிச் சேறு அள்ள வந்தார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லமாட்டேன். வற்றுக்கடல் நேரம் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் போக முடியாது. மிதவையில் பம்ப் ஒன்றை ஏற்றிவந்தார்கள். கலங்கல் வெளியே போகாமல் தண்ணீருக்குள் மஞ்சள் திரை கட்டினார்கள். சேற்றை உறிஞ்சி, லொறி நீளத் துணிப்பைகளுக்குள் விட்டார்கள். தண்ணீர் வடிந்துபோகச் சேறு உள்ளே நிற்கும். பிறகு அதைச் சீமெந்தோடு குழைத்துத் தூரத்தில் எங்கேயோ புதைப்பார்களாம். எல்லா இடமும் முடிந்து அத்தானின் கட்டையடி மட்டும் மிஞ்சியது. அக்கா அதில் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள்.

வேலைக்குப் பொறுப்பான இஞ்சினியர் நிவேதனா என்கிற பிள்ளை, நல்லூர்க்காரி. வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தாள். எனக்கு அது பிடித்துக்கொண்டது.

"அன்ரி, இந்தக் கயிறை வேறை கட்டையிலை மாத்திக் கட்டுவமோ?"

"அவர் போன இடம் இது. வந்தால் இங்கைதான் வருவார்."

"ஒரு மூலையை விட்டால் அந்தச் சேறு திரும்பவும் எல்லா இடமும் பரவும் அன்ரி. செய்த வேலை முழுக்க வீண்."

"ஏன், உதுக்குள்ளை அப்பிடி என்ன கிடக்கு?"

"ஈயம் கிடக்கு. டீசல், கழிவு ஒயில். போட்டுக்கு அடிக்கிற பெயின்றிலை இருக்கிற நஞ்சு. அதைத் திண்டுதான் நண்டு வளருது. நண்டைத்தான் நாங்கள் தின்னுறம்."

சுழியோடி றஞ்சித் எங்கள் தெருப் பொடியன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். சேற்றுக்குள் கிடக்கிற இரும்பு, வலைத்துண்டுகளைப் பம்ப் அடைக்காமல் முன்னுக்கே எடுத்துவிடுவது அவன் வேலை. அவன் சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினான். தோல் சிவந்து பொருக்கு விட்டிருந்தது. "கையுறை கிழிஞ்சு, கொஞ்ச நேரம் பட்டது அக்கா. ராமுழுக்க எரிஞ்சுது" என்றான்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். நான் இன்னும் ஏதாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து என் வாயை நானே மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கர்த்தருக்குத் தெரியும்.

"நான் அவரைத் தண்ணியிலை நிக்கத்தான் சொன்னனான்" என்றாள் அக்கா மெதுவாக. "நஞ்சுக்குள்ளை நிக்கச் சொல்லேல்லை."

எழும்பிக் கயிற்றை இழுத்தாள். கொஞ்சத் தூரம் வந்து, பழைய முடிச்சோடு அறுந்து கையில் வந்தது. அறுந்த முனையைப் பார்த்து அவள் போட்ட சத்தம், அத்தான் வராத அன்று போட்டதைவிடப் பெரிது. றஞ்சித் முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கினான். தண்ணீரில் குமிழி வருவதும் நிற்பதுமாக இருந்தது. நானும் கும்பிட்டேன். கிடைக்கக்கூடாது என்று கும்பிட்டேனா, கிடைக்கவேண்டும் என்று கும்பிட்டேனா, இப்போதும் எனக்குத் தெரியாது.

தாரில் குளித்தவர் மாதிரி வந்தார் அந்தோனியார். மூக்கில்லை. கையிலிருந்த குழந்தை யேசுவும் இல்லை. நிவேதனா கையுறையோடு அவரை வாங்கி, பெரிய பேசினில் வைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் மாற்றி மாற்றித் தேய்த்தாள். கழுவின தண்ணீரைக்கூடக் கடலில் ஊற்றவில்லை, தங்கள் பீப்பாய்க்குள் ஊற்றினார்கள். முருகனைக் கும்பிடுகிற பிள்ளை எங்கள் அந்தோனியாரின் காதுக்குப் பின்னால் விரல்விட்டுச் சேறு எடுத்தாள்.

அக்கா அவரைப் புதுத் துவாயில் சுற்றி மடியில் வைத்தாள். "நான் உம்மை விட்டிட்டன்" என்றாள். "இனி நீர் அவரை விடும்."

பின்னால் பம்ப் வேலையைத் தொடங்கியது.

வரும் வழியெல்லாம் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். கயிறும் போய்விட்டது, கட்டையடிச் சேறும் போகப்போகிறது. இன்றைக்கே பூசைக் கதையை எடுத்துவிட வேண்டும், ஞாயிறே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பூசை வைத்தாலாவது அவள் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒருநாள் நிம்மதியாகப் படுப்பாள் என்று எனக்கு ஆசை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். பிறகு சந்தைக்குப் போனாள். அத்தானுக்குப் பிடித்த விளைமீன் வாங்கிவந்தாள். அடுப்பை மூட்டிப் புட்டு அவித்தாள், மீனில் பாதியைக் குழம்பு வைத்தாள், மிச்சத்தைப் பொரிக்கப் போட்டாள். அலுமாரியிலிருந்து அத்தானின் பெரிய சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். முகத்தில் ஒரு அவசரம். கலியாணம் கட்டின புதுசில் பின்னேரங்களில் அவளிடம் இருந்த அதே அவசரம். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் காத்திருப்பதை முடிக்கவில்லை. தன் பங்கைக் கொடுத்து முடித்திருக்கிறாள், அந்தோனியாரின் பங்குதான் வரவேண்டிக் கிடக்கிறது.

நாக்கு நுனிவரை வந்த பூசையை விழுங்கினேன். வெங்காயம் வெட்டித் தா என்றாள், வெட்டினேன்.

அப்போது வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டது.

அக்கா சட்டியடியில் நின்றாள். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினது நான். என் வயதுக்கு, என் முழங்கால் வலிக்கு, அப்படி ஓடினேன். முற்றத்தில் செருப்புக்கூடப் போடவில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு நின்றது பக்கத்து வீட்டு நாய். மீன் மணத்துக்கு வந்திருந்தது. அதற்கு அப்பால் தெருவுக்குப் போகிற ஒழுங்கை, வெயில், ஒருவரும் இல்லை. அத்தானின் நடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அந்த நடையைத்தான் ஒழுங்கையில் தேடிக்கொண்டு நின்றேன்.

"ஆரடி அது, கிறிஸ்ரினா?" என்று குசினிக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்.

ஒருவரும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இன்னும் வரேல்லை அக்கா" என்றேன்.