தொண்ணூறு விநாடி

அறையில் இருந்தவர்கள்: மேலாளர், எச்.ஆர். மேடம், புகார்ப் பிரிவில் பதினொரு வருஷமாகப் பதில் எழுதுகிறவரும் ஆபீஸ் முழுக்க ‘ஆமை’ என்று பெயரெடுத்தவருமான ஒருவர், அவர் தங்கையைக் கட்டிய புரோகிராமர். உறவுக்காக அவனை அழைக்கவில்லை. அந்த உறவு அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவனே அவன்தான்.

சுவரில் விழுந்த படத்தில் புகார்ப் பிரிவின் ஒன்பது பேரும் ஒன்பது பட்டைகளாக நின்றார்கள். ஒவ்வொருவரும் புகார்ப் பக்கத்தைத் திறந்து வைத்து எவ்வளவு நேரம் உண்மையாக வேலை பார்த்தார்கள் என்று அது காட்டியது. அந்த நேரத்தை எண்ணும் புரோகிராமை எழுதியவன் அவன். எட்டுப் பட்டைகள் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு, சுண்டுவிரல் நீளம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி பத்து நிமிஷம்.

மவுஸோ கீபோர்டோ தொண்ணூறு விநாடி அசையாவிட்டால் ஆள் எழுந்து போய்விட்டதாக அது முடிவு கட்டிவிடும். மறுபடி தொட்டால்தான் நேரம் ஓடும். மற்றவர்கள் தயாராக வைத்த பதில்களைத் தட்டித் தட்டி அனுப்பினார்கள். ஆமை கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புகாரையும் கூட வந்த கடிதங்களையும் இரண்டு தரம் படித்துவிட்டு, நாலு வரி எழுதுவார். அந்த நாலு வரி வாங்கியவர்கள் பெரும்பாலும் மறுபடி புகார் அனுப்புவதில்லை. அதைக் காட்ட ஒரு பட்டையும் கிடையாது.

எல்லாரையும் விட உயரமான பட்டை ‘புயல்’ என்று பெயர் வாங்கியவனுடையது. டீ குடிக்கப் போகும்போது மவுஸைக் கைக்கடிகாரத்தின் மேல் வைத்துவிட்டுப் போவான். விநாடி முள் சுற்றச் சுற்றத் திரையில் அம்புக்குறி துடித்துக்கொண்டிருக்கும்.

புரோகிராமை எழுதிக்கொண்டிருந்த நாட்களிலேயே, வீட்டில் சாப்பிடும்போது மச்சானாகிய ஆமை கேட்டிருந்தார், படிக்கிற நேரத்தை எதில் சேர்ப்பீர்கள் என்று. நடுநடுவே மவுஸை ஒரு ஆட்டு ஆட்டிவிடுங்கள், தீர்ந்தது என்று அவன் சிரித்தான். வேலையும் செய்து, வேலை செய்கிற மாதிரி நடிக்கவும் வேண்டுமென்றால் இரண்டு சம்பளம் தருவார்களா என்றார் அவர். அவன் மனைவிக்குச் சிரிப்பில் புரையேறியது. மறுநாள் அவன் மேலாளரிடம் போய், தொண்ணூறு விநாடியை ஐந்து நிமிஷம் ஆக்கலாமா என்று கேட்டான். எல்லாப் பட்டையும் பச்சையாக இருந்தால் மேலிடத்துக்கு எதைக் காட்டுவது என்றார் மேலாளர். அவன் வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டான். அவன் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரம் ஆக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் மேலாளரின் ஒரே கையெழுத்துதான்.

மீதி நேரமெல்லாம் என்ன செய்தீர்கள் என்று மேலாளர் கேட்க, படித்துக்கொண்டிருந்தேன் என்றார் ஆமை.

“ஆறு மணி நேரமா? என்ன, பரீட்சைக்கா?”

எச்.ஆர். மேடம் சிரிக்கவில்லை. முன்னால் கிடந்த, ஆமையை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் புரோகிராமர் பக்கம் திரும்பினார்.

“படிக்கிற நேரம் இதுல சேருமா, சேராதா? அத மட்டும் சொல்லுங்க. சேராதுன்னா நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

மேலாளர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். மச்சான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேரும் மேடம்,” என்றான்.

முழுப் பொய் இல்லை. முதல் தொண்ணூறு விநாடி சேரத்தான் செய்யும். அதையும் சொல்லியிருந்தால் கதை வேறு. சொல்லவில்லை. மேடம் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இவர் என் தங்கை புருஷன், இவருக்கு எல்லாம் தெரியும் என்று மச்சான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனும் அன்றே மூட்டை கட்டியிருப்பான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள் என்று மேலாளர் அவனிடமே சொன்னார். மேஜையில் எடுக்க அதிகம் இல்லை. ஒரு டம்ளர், ஒரு ஸ்வெட்டர், ஒரு அகராதி. எல்லாம் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிட்டன. வாசலில் மச்சான் தன் அடையாள அட்டையைக் காட்டினார்; கதவு திறக்கவில்லை. மத்தியானமே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றார் காவலாளி, தன் செருப்பைப் பார்த்தபடி. மேடம் கையெழுத்துப் போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவன் தன் அட்டையை எடுத்தான்.

“மச்சான், என் நெலமை…”

“தெரியும். அதனாலதான் உள்ள நான் பேசல.” பையைக் கை மாற்றிக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை தங்கச்சி எங்க வீட்டுக்கு வருவால்ல? அவ மட்டும் வரட்டும் மாப்பிள்ளை. நீங்க வர வேணாம்.”

அவன் அட்டையைக் காட்டினான். மச்சான் வெளியே போனார். அவருக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டு பூட்டு விழுந்தது.