ஏழுக்குப் பிறகு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவள் நான். பிரசவ வார்டு நர்ஸ். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தத் திமிர் நடையில் தெரியும். தெரியட்டும்.

முதல் தொடக்கம்: "ரஷ்ய மொழியில் பத்து வரை எண்ணக் கற்று, ஓர் உயிரை நான்…"

அடித்துவிட்டேன்.

2

ரஷ்ய மொழி மட்டுமே தெரிந்த ஒருத்தி பிரசவத்துக்குச் சில நாள் முன்பே வந்து சேர்ந்தாள். வலி வரும்போது பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி முக்க வேண்டும். விரலைக் காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா. கண்ணை இறுக மூடிக்கொள்பவள் எந்த விரலைப் பார்ப்பாள்? மூன்று நாள் கைப்பேசியில் கேட்டுப் படித்தேன். அதீன்*, த்வா, த்ரீ, சித்தீரி. நான்கிலேயே நாக்கு சுளுக்கிக்கொண்டது.

(அதே வார்டில் தரை துடைப்பவள் என் அம்மா. இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அங்கே நான் அவளை "ஆயாம்மா" என்பேன். அவள் என்னை "சிஸ்டர்" என்பாள்.)

3

அந்தப் பெண் வராந்தாவில் அடிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடப்பாள். அம்மா மாப்போடு பின்னால் போவாள். நான் வீட்டில் உருப்போட்டபோது, பாத்திரம் துலக்கியபடி சொன்னாள்: "அஞ்சுலருந்து எல்லாமே கடைசில மெத்துனு முடியுது பாப்பா. நீ கல்லைப் போடற மாதிரி போடற."

உனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

4

குழந்தையின் தலை தெரிந்தது. எண்ணினேன். பியாத், ஷேஸ்த், சியேம். ஏழு. அதற்கு மேல் வெறும் வெள்ளைச் சுவர். அவள் மூச்சு உடைந்தது. கருவியில் குழந்தையின் துடிப்பு இறங்கியது. மறுபடி ஏழு. மறுபடி சுவர்.

மூலையில் மாப்பு நின்றது.

"வோசிம்," என்றாள் அம்மா. "தியேவித். தியேசித்."

கைநாட்டு வைக்கிற என் அம்மா. மூன்று சொல்லும் மெத்தென்று இறங்கின. மூடிய கண்களோடு அந்தப் பெண் மூலைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள், தன் வீட்டார் கூப்பிட்டதுபோல. (இந்த இடத்தை ஏழு முறை எழுதிவிட்டேன். இன்னும் மயிர்க்கூச்செறிகிறது, எழுத்தில் வரவில்லை.) அடுத்த வலிக்குப் பத்தையும் அம்மாவே எண்ணினாள். குழந்தை அழுதது.

5

"இந்த ஆயாம்மா எங்க கத்துக்கிட்டாங்க?" என்றார் டாக்டரம்மா.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன் டாக்டர்."

மாப்பைப் பிழிந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "ஆமாங்க, சிஸ்டர்தான்."

இவ்வளவு நல்லவளா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "ஆயாம்மாவுக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க சிஸ்டர்."

6

முடிவு அ: டாக்டரம்மாவிடம் போய், "அவங்க என்…"

முடிவு ஆ: இல்லை. முதல் முடிவில், கதையில் மட்டும் சொல்லிவிட்டு நான் சாமர்த்தியமாகத் தப்பிக்கிறேன்.

நாளைக் காலை அந்தப் பெண் வீட்டுக்குப் போகிறாள். எண்ணியவளோடு படம் எடுக்க வேண்டுமாம், சைகையில் கேட்டிருக்கிறாள். டாக்டரம்மாவும் இருப்பார். அந்த ஆயாம்மா யார் என்று நான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் எண்ணுங்கள், சத்தமாக. பத்துக்குள் சொல்லிவிடுகிறேன். ஏழில் நின்றுவிட்டால், விடாதீர்கள்.

* ஒன்று என்பதைக் கைப்பேசி "அதீன்" என்றது. வராந்தாவில் நடந்தவள் "ராஸ்" என்று தொடங்கினாள். ஒரு வேலையைச் செய்துகொண்டே எண்ணும்போது அப்படித்தானாம். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு முன்பே.